மைக்கை எதில் தொங்கவிடுவது, காற்றுக்கு என்ன போர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படப்பிடிப்பு ஒலிப்பதிவில் புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது மைக்கைப் பற்றித்தான். எந்த ஷாட்கன் (ஒரு திசையில் கூர்மையாகக் கேட்கும் நீண்ட குழாய் மைக்) நல்லது, இதை விட அது தேவலையா என்று. தெரிந்ததைச் சொல்லிவிட்டு நான் ஒன்று திருப்பிக் கேட்பேன்: "சரி, அதை எதில் மாட்டப் போகிறீர்கள்? மேலே என்ன போர்த்தப் போகிறீர்கள்?" பெரும்பாலும் பேச்சு அங்கே நின்றுவிடும். நின்றுபோன அந்த இடத்திலிருந்து பிறகு வந்த கேள்விகள்தான் இவை.

சஸ்பென்ஷனும் விண்ட்ஷீல்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

இல்லை. மைக்குக்குத் தொல்லை இரண்டு வழியாக வருகிறது. மைக்கை நுனியில் தாங்கும் நீண்ட பூம் கம்பைப் பிடித்திருக்கும் கை, நடை, கேபிளின் இழுப்பு இவையெல்லாம் கம்பு வழியாக அதிர்வாக ஏறி வரும். அதைத் தடுப்பது, மைக்கை நெகிழ்வாகத் தொங்கவிடும் சஸ்பென்ஷன். காற்று நேராக வந்து மைக்கில் மோதும். அதைத் தடுப்பது விண்ட்ஷீல்டு. வழி வேறு என்றாலும் ஹெட்ஃபோனில் இரண்டுமே ஒரே மாதிரி ‘டும்’ என்று கேட்கும். அதனால்தான் இவ்வளவு குழப்பம், தேவையில்லாத பொருளுக்கு இவ்வளவு செலவு.

அந்த ‘டும்’ காற்றா, கையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பூமை ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கையை எடுங்கள். காற்று வீசும்போதெல்லாம் சத்தம் வந்தால் அது காற்று. பிறகு காற்றே இல்லாத ஒரு அறைக்குள் போய்க் கம்பைப் பிடித்து விரல்களை மாற்றி மாற்றி வையுங்கள், மெதுவாக நடந்து பாருங்கள். இப்போது வந்தால் அது கை. மூன்றாவதாக ஒன்று உண்டு, பலரும் அதைச் செய்வதில்லை: கம்பைத் தொடாமல் கேபிளை மட்டும் லேசாக ஆட்டிப் பாருங்கள்.

இந்த மூன்றாவதை நான் பட்டுத்தான் கற்றேன். திறந்த வெளியில் இருவர் பேசிக்கொண்டே நடக்கும் காட்சி. மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனில் இடையிடையே ஒரு ‘டொக்’. காற்று என்றே முடிவு கட்டி, மேலே போர்த்தியிருந்த நீண்ட முடி உறையை, அதாவது ஃபரை மாற்றினோம், அதற்கு மேல் இன்னொரு துணியையும் சுற்றினோம். சத்தம் போகவில்லை. கடைசியில் பூம் பிடித்த தம்பி சொன்னான், "அண்ணே, காத்து நின்னு பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் கேக்குதே." மைக் உள்ளே தொங்கும் காற்றுத் தடுப்புக் கூடையைத் திறந்து பார்த்தேன். மைக்கின் பின்னாலிருந்து கிளம்பிய தடிமனான கேபிள், வளைவே இல்லாமல் விறைப்பாக ஓடி, கூடையின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. அவன் வைத்த ஒவ்வொரு அடியும் கம்பு, விளிம்பு, கேபிள் வழியாக நேரே மைக்குக்குப் போயிருக்கிறது. விலை உயர்ந்த சஸ்பென்ஷன் நடுவில் சும்மா இருந்திருக்கிறது.

அப்படியென்றால் கேபிளுக்கு என்ன செய்வது?

மைக்கிலிருந்து சஸ்பென்ஷனின் அடிப்பகுதி வரைக்கும் மட்டும் மெல்லிய, துவண்டு விழும் கேபிளைப் போடுங்கள். தளர்வாக ஒரு வளைவு விட்டு, அதன் மறுமுனையை அசையாத பகுதியில் கிளிப்பால் பிடித்துவிடுங்கள். தடிமனான பூம் கேபிள் அந்த முனையோடு நின்றுவிட வேண்டும். அந்தக் கூடைக்குத்தான் பிளிம்ப் என்று பெயர், நல்ல பிளிம்ப்களில் இதற்கென்றே ஒரு குட்டைக் கேபிளும் இணைப்புப் பெட்டியும் கூடவே வரும். உங்களுடையதில் இல்லையென்றால், புதிய ஃபர் வாங்குவதற்கு முன் இதைச் செய்துகொள்ளுங்கள். குளிரில் சில கேபிள்களின் மேலுறை விறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதமான காற்றுக்கே மைக் ஏன் இப்படிக் கத்துகிறது?

கணக்குப் போட்டால் புரியும். ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் அந்த ஒலியின் அழுத்தம் ஏறத்தாழ 0.02 பாஸ்கல். நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு பரப்பில் மோதும்போது தரும் அழுத்தம் சுமார் 15 பாஸ்கல். காற்று சீராக வீசுவதில்லை, சுழன்று சுழன்று வரும். அந்த 15-இல் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஏறி இறங்கினாலும் 1.5 பாஸ்கல், பேச்சைப் போல 75 மடங்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். காலையில் நன்றாகத் தாங்கிய ஃபோம் (பஞ்சு உறை) மதியம் கைவிடுவது இதனால்தான். காற்று கொஞ்சம்தான் கூடியிருக்கும், மைக்குக்கு அது கொஞ்சமில்லை.

இன்னொன்று: காற்றின் சத்தம் தொலைவிலிருந்து வருவதில்லை. மைக்கின் மேலேயே, அதன் விளிம்பிலும் துளைகளிலும் சுழல் உண்டாகிப் பிறக்கிறது.

எல்லா மைக்கும் ஒரே அளவுக்குத்தான் காற்றுக்குத் திணறுமா?

கிடையாது. எல்லாத் திசையிலும் கேட்கும் ஆம்னி மைக் நன்றாகத் தாங்கும், கை அதிர்வையும் குறைவாகவே காட்டும். கார்டியாய்ட், சூப்பர் கார்டியாய்ட், ஷாட்கன் என்று திசை கூர்மையாகும் மைக்குகளில் உள்ளே இருக்கும் சவ்வு தளர்வாக இருக்கும். தாழ்ந்த அதிர்வுக்கெல்லாம் ஆடும். எதிரெதிர் இரண்டு பக்கம் மட்டும் கேட்கும் எட்டு வடிவ மைக் எல்லாவற்றிலும் மோசம். நடுவுக்கு ஒரு மைக், பக்கங்களுக்கு ஒரு எட்டு வடிவ மைக் என்று வைக்கும் எம்எஸ் முறை ஸ்டீரியோ எடுக்கப் போகிறவர்கள் நடு மைக்கை மட்டும் மனதில் வைத்து விண்ட்ஷீல்டு வாங்கிவிட்டு, பக்க மைக் இரைகிறதே என்று பிறகு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். கூடைக்குள் இருப்பதில் எது பலவீனமோ அதற்குத் தகுந்தபடி வாங்க வேண்டும்.

சஸ்பென்ஷனை மைக்கின் எடைக்குப் பொருத்தமாக எடுக்கச் சொல்கிறார்களே, ஏன்?

தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கனம் இருந்தால் நிதானமாக ஆடும், காலியாக இருந்தால் வெடுக்கென்று ஆடும். மைக்கும் ரப்பரும் சேர்ந்தால் அதுவும் ஒரு தூளிதான். அதற்கென்று ஒரு இயல்பான ஆட்ட வேகம் உண்டு. அதைப்போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் வரும் அதிர்வுகளைத்தான் சஸ்பென்ஷன் தடுக்கும். கீழே உள்ளவற்றை அப்படியே விட்டுவிடும். சரியாக அந்த வேகத்திலேயே வரும் அதிர்வைப் பெருக்கியே அனுப்பும்.

160 கிராம் மைக்கைத் தாங்கும்போது ஒரு சஸ்பென்ஷன் நொடிக்கு 12 முறை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 17 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யத் தொடங்கும். அதே ரப்பரில் 40 கிராம் மைக்கை மாட்டினால் எடை கால்வாசி, ஆட்டம் இரட்டிப்பு: 24 ஹெர்ட்ஸ். இப்போது 34 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் பாதுகாப்பு. கை அதிர்வின் கனமான பகுதியில் கொஞ்சம் உள்ளே நுழைந்துவிட்டது. சென்ஹைசர் எம்கேஎச் 416 போன்ற சுமார் 165 கிராம் ஷாட்கன்னுக்கு எடுத்த மவுண்டில் சின்ன சூப்பர் கார்டியாய்டை மாட்டிவிட்டு, ‘மைக் மட்டம்’ என்று சொல்வது மைக்குக்குச் செய்யும் அநியாயம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மிக மென்மையான ரப்பரில் கனமான மைக் தொங்கிப் போகும், கம்பைத் திருப்பும்போது கூடையில் போய் இடிக்கும். மைக்கின் நீளவாட்டில் நன்றாக ஆட வேண்டும், ஏனென்றால் முன்பக்கமாகக் கேட்கும் மைக்கில் சவ்வு அந்தத் திசையில்தான் அதிர்கிறது. மேல் கீழாகவும் பக்கவாட்டிலும் ஓரளவு கெட்டியாக இருக்கலாம். நல்ல சஸ்பென்ஷனின் அடையாளம் இந்த வேறுபாடுதான்.

ரப்பர் வளையமா, பிளாஸ்டிக் லயரா?

ரப்பர் வளையத்துக்கு ஒரு நன்மை உண்டு: அறுந்தால் எதையாவது கட்டி வேலையை ஓட்டிவிடலாம். ஆனால் வெயிலில் அது இறுகும், வெடிக்கும், தொய்யும். போன வருடம் சரியாக இருந்த இழுவை இந்த வருடம் இருக்காது, அது நமக்குத் தெரியவும் தெரியாது.

லயர் என்பது பிரிட்டனில் 1969-இல் தொடங்கிய ரைகோட் நிறுவனத்தின் வடிவம். யாழைப் போல வளைந்த இரண்டு கைகள் நடுவே மைக்கைத் தாங்கும். அந்த வளைவே நீளவாட்டில் நெகிழ்ந்தும் மற்ற பக்கங்களில் கெட்டியாகவும் இருக்கும்படி அமைந்தது. தொய்வதில்லை, லேசில் அறுவதும் இல்லை. 62, 72, 82 என்று கடினத்தன்மை எண்களில் வருகிறது. எண் கூடக் கூடக் கெட்டி. மென்மையானது இலகுவான மைக்குக்கு, கெட்டியானது கனமானதுக்கு. இரண்டு லயர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுகிறீர்கள் என்பதும் முக்கியம். எடையின் நடுப்புள்ளி இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். முன்னால் கனம் கூடினால் மைக் தலையாட்டிக்கொண்டே இருக்கும்.

ஷாட்கன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிளிப் அந்தக் குழாயின் பக்கத் துளைகளை மூடக்கூடாது. திசைக் கூர்மையே அந்தத் துளைகளால்தான் கிடைக்கிறது. பின்பக்கத்து உடம்பைப் பிடியுங்கள்.

மைக்கோடு வந்த ஃபோம் போதாதா?

அறைக்குள் போதும். பூமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சட்டென்று திருப்பும்போது கம்பின் வீச்சே ஒரு காற்றுதான். மின்விசிறிக் காற்றும் வரும். இவற்றை ஃபோம் தாங்கும். வாசலைத் தாண்டினால் அதை நம்பாதீர்கள். மைக்கின் முன் முனையோடு ஒட்டிப் பிடிக்கும் ஃபோமை விட, முனைக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம் விட்ட ஃபோம் மேல். ஷாட்கன் என்றால் துளைகள் முழுவதும் மூடும் நீளம் வேண்டும். தலைக்கு மட்டும் தொப்பி போட்டால் இடுப்பு வழியாகக் காற்று நுழையும்.

ஃபர் உறை மட்டும் போதுமா, பிளிம்ப் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன்.

உள்ளே துளையுள்ள ஃபோம், வெளியே நீண்ட முடி என்று மைக்கின் மேல் நேராக இழுத்துப் போடும் உறை ஒன்று உண்டு. விலை குறைவு, எடை குறைவு, சட்டென்று மாட்டலாம். மிதமான காற்றுக்கு நன்றாக நிற்கும். அதன் குறை இரண்டு. உறையின் எடையும் இப்போது மைக்கின் எடைதான், எனவே நீங்கள் கணக்குப் பார்த்து எடுத்த சஸ்பென்ஷன் கணக்குத் தப்புகிறது, தலை தாழ்கிறது. இரண்டாவது, காற்று அந்த முடியைப் பிடித்துத் தள்ளினால் உறை மைக்கையும் சேர்த்து ஆட்டும். காற்றைத் தடுக்கப் போட்டதே ஆட்டமாக மாறிவிடும்.

பிளிம்ப், செப்லின் என்று எந்தப் பெயரால் சொன்னாலும் அது ஒரு கூடை. வான்கப்பலின் வடிவத்தில் இருப்பதால்தான் அந்தப் பெயர்கள். மைக் உள்ளே தனியாகத் தொங்கும், கூடை அதைத் தொடாது. காற்று கூடையைத் தள்ளினாலும் மைக்குக்கு அது நேரே போவதில்லை. கூடையைச் சுற்றி மெல்லிய துணி, உள்ளே அசையாத காற்று. கூடையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் ஏறும்போது இன்னொரு பக்கத்தில் இறங்கும். உள்ளே வரும்போது இவை ஒன்றையொன்று ஓரளவு கழித்துவிடும். அதனால்தான் கூடை பெரிதாக இருந்தால் தாழ்ந்த இரைச்சலும் குறைகிறது. அதன் மேல் ஃபர் போடும்போது, காற்று வழுவழுப்பான பரப்பில் மோதிச் சுழலாமல், முடிகளுக்குள் நுழைந்து படிப்படியாக வேகம் இழக்கிறது. அந்த ஃபரைத்தான் ‘செத்த பூனை’ என்று உலகம் முழுவதும் ஒலிப்பதிவாளர்கள் செல்லமாக அழைக்கிறார்கள். பூனை உயிரோடு இருந்தால்தான் சத்தம்.

திறந்த வெளியில் வாரத்துக்கு இரண்டு நாளாவது வேலை செய்பவர்களுக்கு பிளிம்ப் வேண்டும் என்பது என் கருத்து. அறைக்குள்ளும் மரத்தடியிலும் பேட்டி எடுப்பவர்களுக்கு இழுத்துப் போடும் உறை போதும்.

பிளிம்ப் எந்த நீளத்தில் வாங்குவது?

எம்கேஎச் 416 சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதோடு பின்னால் எக்ஸ்எல்ஆர் இணைப்பையும் கேபிளின் வளைவையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். மைக்கின் முன் முனைக்கும் கூடையின் மூடிக்கும் இடையே சில விரற்கடை இடம் விடுங்கள். காற்று முதலில் மோதுவது அந்த மூடியில்தான், அதை ஒட்டி மைக் நின்றால் கூடை வாங்கிய பலன் பாதி போய்விடும். சிறிய மைக்கைப் பெரிய கூடையில் வைக்கும்போது அதன் முனையைக் கூடையின் நடுப்பக்கம் நோக்கித் தள்ளி வைப்பது நல்லது.

கேபிள் வெளியே வரும் ஓட்டையையும் பாருங்கள். அங்கே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்றும் நுழையும்.

ஃபர் போட்டால் குரல் மங்கிவிடுகிறதே?

கொஞ்சம் மங்கும். மேல் அதிர்வெண்களில் சில டெசிபல் போகத்தான் செய்யும். ‘ச’, ‘ஸ’ ஒலிகளில் அது தெரியும். அதை ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) திரும்பக் கொண்டுவரலாம். காற்று மூடிய ஒரு வார்த்தையை எந்த ஈக்யூவும் திரும்பக் கொண்டுவராது. காற்று இல்லாதபோது ஃபரைக் கழற்றிவிட்டு வெறும் கூடையோடு எடுங்கள். கழற்றி மாட்ட அரை நிமிடம் கூட ஆகாது. ரொம்பவே மங்கினால் ஃபர் நனைந்திருக்கிறது, அல்லது முடி சடைத்திருக்கிறது, அல்லது துணியே தப்பு.

பொம்மை செய்யும் ஃபர் துணியை வாங்கி நானே தைக்கலாமா?

தைக்கலாம், பலர் நன்றாகவே தைக்கிறார்கள். முடியைப் பார்த்து ஏமாறாமல் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பொம்மைத் துணியில் முடி உதிராமல் இருக்கப் பின்னால் பசை பூசியிருப்பார்கள். அது காற்றைத் தடுக்கும், கூடவே குரலையும் தடுக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நூல்களுக்கு இடையே புள்ளி புள்ளியாக ஒளி தெரிய வேண்டும். வாயருகே வைத்து ஊதினால் மறுபுறம் உள்ளங்கையில் லேசாகக் காற்று படலாம், பீறிட்டு வரக்கூடாது. பிறகு ஒரு ஸ்பீக்கரில் ஒரே குரலை ஓடவிட்டு, ஃபர் இல்லாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை பதிவுசெய்து ஒப்பிடுங்கள். காது சொல்லிவிடும்.

லோ கட் போட்டால் காற்று போய்விடாதா? இப்போதுதான் 32 பிட் ஃப்ளோட் வேறு வந்துவிட்டதே?

லோ கட் என்பது தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி, மிச்சத்தைத் துடைக்கும் துணி. காற்றின் சத்தம் பெரும்பாலும் கீழே இருந்தாலும் வேகம் கூடக் கூட மேலே ஏறிக் குரலுக்குள் வந்துவிடும். அங்கே வெட்டினால் குரலும் போகும். ஆனால் லோ கட்டை எங்கே போடுகிறீர்கள் என்பது முக்கியம். காதுக்கே எட்டாத ஆழத்தில் காற்று தள்ளும் அழுத்தம், உங்களுக்குக் கேட்காமலேயே, மைக்கின் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பை நிரப்பிவிடும். அதனால் மைக்கிலேயே சுவிட்ச் இருந்தால் அங்கே போடுங்கள். இல்லையென்றால் ரெக்கார்டரின் அனலாக் பகுதியில். எடிட்டில் போடுவது தாமதமான மருந்து.

மிகப் பெரிய சத்தத்தையும் வெட்டுப்படாமல் பதியும் முறைதான் 32 பிட் ஃப்ளோட், அது ரெக்கார்டரின் பக்கத்தில் ஒலி நிரம்பி உடைவதைத்தான் காப்பாற்றும். மைக்கின் உள்ளே இருக்கும் மின்சுற்றே நிரம்பி உடைந்தால் அதற்கு உடைந்த சத்தம்தான் வந்து சேரும். அதைத் துல்லியமாகப் பதிவுசெய்து கொடுக்கும், அவ்வளவுதான்.

காலர் மைக்குக்கு?

பெரும்பாலான காலர் மைக்குகள் ஆம்னி, அதனால் பாதித் தொல்லை குறைவு. வெளியே தெரியலாம் என்றால் சின்ன ஃபோமும் அதற்கு மேல் சின்ன ஃபரும். மறைக்க வேண்டும் என்றால் சட்டைத் துணியே காற்றுத் தடுப்பாக வேலை செய்யும். பருத்தி அமைதியாக இருக்கும், சில செயற்கை இழைத் துணிகள் சரசரவென்று உயிரை வாங்கும். துணி மைக்கின் மேல் நேராக உரசாதபடி சுற்றிலும் மெத்தென்ற ஒட்டுத்துணி வேண்டும். மைக்கை ஒட்டிக் கேபிளில் ஒரு சிறு வளையம் விட்டு ஒட்டுங்கள். பூமுக்குச் சொன்ன அதே கேபிள் கதைதான், அளவு மட்டும் சிறிது.

மழையில்?

துளி விழுந்தால் விறைப்பான எந்தப் பரப்பும் மேளம்தான். பிளாஸ்டிக் பையைப் போர்த்துவதுதான் எல்லாரும் முதலில் செய்யும் தப்பு. ஃபர் காய்ந்திருக்கும்வரை துளியின் அடியை உள்வாங்கும், நனைந்து படிந்துவிட்டால் குரல் கம்பளிக்குள் போய்விடும். ரப்பர் பூசிய பன்றி மயிர்ப் பாய் என்று ஒன்று உண்டு, சொரசொரப்பாக, நிறைய ஓட்டைகளோடு இருக்கும். அதை மேலே கூரை மாதிரி வைத்தால் துளி உடைந்து வழிந்துவிடும். இரண்டாவது ஃபர் ஒன்று காய்ந்தபடி பையில் இருக்கட்டும்.

பராமரிப்பு?

ஃபரைச் செல்லப்பிராணிகளுக்கான கம்பிச் சீப்பால் வாரி, முடியை நிமிர்த்தி வையுங்கள். அழுக்கானால் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி நிழலில் காயவிடுங்கள். ஃபோமை வருடத்துக்கு ஒரு முறையாவது கிள்ளிப் பாருங்கள். உதிர்ந்தால் தூக்கி எறியுங்கள், அந்தத் தூள் ஷாட்கன் துளைகளுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. பிளிம்பின் திருகுகளை மாதம் ஒரு முறை முடுக்குங்கள். தளர்ந்த ஒரு திருகின் ‘கிட் கிட்’ சத்தத்தைத் தேடி நான் ஒரு மதியத்தையே இழந்திருக்கிறேன்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

உங்கள் மைக், உங்கள் கேபிள், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் மூன்றையும் கொண்டு போங்கள். சின்ன இயர்போனில் பல நேரம் கீழ் அதிர்வு தெரியவே தெரியாது. மைக்கை மாட்டி, வேலையில் வைப்பதை விடக் கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கொஞ்சம் கூட்டுங்கள். கைப்பிடியை விரலால் தட்டுங்கள், பிடியை மாற்றுங்கள், கூடையைச் சட்டென்று இடமும் வலமும் திருப்புங்கள். மைக் உள்ளே எங்கும் இடிக்கக்கூடாது. பிறகு மேசை மின்விசிறி ஒன்றை முன்னால் வைத்து, மோட்டார் சத்தத்துக்கு ஏமாறாமல், காற்றை நேராகவும் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் படவிட்டுக் கேளுங்கள். பல பிளிம்ப்கள் முன்பக்கத்தில் நன்றாக இருந்து, கேபிள் வெளியே வரும் பின்பக்கத்தில்தான் பிடிபடும்.